சிமெண்டு நிறத்தில் ஒரு சுவர்

புதுவீட்டுச் சாவியில் ஒன்றை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"வேல எல்லாம் முழுசா முடியட்டும் தம்பி. அப்புறம் வர்றேன்."

அம்மா தவறியபின் அப்பா பிறை என்ற ஊரில் எங்கள் பழைய பிளாட்டில் தனியாக இருந்தார். நான் கடலுக்கு இந்தப் பக்கம், தீவில், ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். அக்கா கல்யாணமாகிச் சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்டாள். அப்பாவை என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ளத்தான் ஜெலுத்தோங்கில் இந்த வீட்டை வாங்கினேன். அவருக்கென்று காற்றோட்டமான அறையை ஒதுக்கிக் கட்டில் போட்டேன். அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை மாட்டிவைக்க வாசலோரம் ஓர் ஆணி அடித்தேன். இனி அவர் வர வேண்டியதுதான். அவர் வர வேண்டுமானால் வேலை முடிய வேண்டும்.

வேலை முடிந்த வீட்டில்தான் பால் காய்ச்சுவது எங்கள் வழக்கம். புது அடுப்பில் முதலில் ஏறுவது பால். அது பொங்கி வழிந்தபிறகுதான் அது வீடு, அதுவரை வெறும் கட்டடம் என்பார் அப்பா. அவர் வந்துதான் காய்ச்ச வேண்டும் என்று நானும் பிடிவாதமாக இருந்தேன். அந்த வீட்டில் குடியேறிய பிறகும் பால் வாங்கவே இல்லை. சர்க்கரை மட்டும் போட்டுக் கோப்பி ஓ கலந்து, ஜன்னலோரம் நின்று குடித்துவிட்டுப் பாயான் லெப்பாஸில் இருக்கும் என் பேக்டரிக்கு வேலைக்குப் போவேன். கூடத்து ஜன்னல் கிழக்கே பார்த்தது. மூட்டம் இல்லாத காலையில் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் எங்கோ அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து பூனைக்கு மீன் தலை போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

குழாய், மின்விசிறி, சமையல் மேடை எல்லாம் முடிந்தன. மூன்று சுவர்களுக்கு வெள்ளை அடித்தாயிற்று. வாசற்கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவர் மட்டும் நின்றது.

அதை அப்படி நிறுத்தியது நான்தான். கூட வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருந்தேன். கூடத்தில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் வேறு நிறம், வேறு பூச்சு. ஒரு வீட்டில் கரும்பச்சை, இன்னொரு வீட்டில் மரப்பட்டைகள் வரிசையாக. அந்தச் சுவரைக் காட்டிக் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். "இவருதான் கேட்டாரு, நான் வேணான்னு சொன்னேன்." "பொய், நீதான் லா ஆசப்பட்ட." நான் சிரித்துக்கொண்டே சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுசாக முடித்து அதற்கு மேலும் போன முதல் ஆள் நான். படித்தவன் வீட்டுச் சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் பிறை வீட்டில் எல்லாச் சுவருமே வேறு வேறு நிறம்தான். ஆனால் யாரும் ஆசைப்பட்டு அடித்ததில்லை. அப்பா இரும்புச் சாமான் செய்யும் ஒரு பட்டறையில் பொது வேலை பார்த்தார். கைப்பிடிக் கம்பிகள், தொட்டிகள், இயந்திரத்துக்கான தாங்கிகள். தீபாவளி நெருங்கும்போது அங்கே மிஞ்சிய சாயத்தை முதலாளி, அதாவது தவுக்கே, அவருக்குக் கொடுப்பார். அரை டின் மஞ்சள் கிடைத்த வருஷம் கூடம் மஞ்சள். அடுத்த வருஷம் பச்சை வந்தால் அடுப்படி பச்சை, அது தீர்ந்த இடத்திலிருந்து நீலம். எல்லாமே இரும்புக்கு அடிக்கும் எண்ணெய்ச் சாயம். பளபளவென்று மின்னும். விளக்கைப் போட்டால் சுவரில் எங்கள் முகம் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை அம்மா ஈரத்துணியால் துடைத்தால் போதும், கறை போய்விடும். "உங்க வீட்டுக்குள்ள வந்தா பன்ச் கார்டு அடிக்கணும் போல இருக்குடா" என்று பள்ளிக்கூட நண்பன் ஒருவன் கிண்டல் பண்ணினான். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பெருமையாகப் போய்விட்டது. "ஆமா, பேக்டரி சாயம். பத்து வருஷம் போவாது" என்றார்.

ஜெலுத்தோங் சாயக் கடையில் எனக்கு நிற அட்டையை எடுத்துக்கொடுத்தது ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட இளையவள். விசிறி போல விரிந்த அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில் அவள் மூன்று வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டாள்.

"என்னண்ணே, பரீட்ச எழுதுற மாதிரி நிக்கிறீங்க?"

"எதை எடுக்கிறதுன்னு தெரியல."

"சரி, ரூமுக்குள்ள வந்தா என்ன மாதிரி பீலிங் இருக்கணும்?"

சாயக் கடையில் இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மீண்டும் அட்டையைப் பார்த்தேன்.

"வீட்டுல யாரு யாரு இருக்கப் போறீங்க?"

"நானும் எங்கப்பாவும்."

"அப்பாவுக்கு என்ன கலர் புடிக்கும்? அதையே அடிச்சிடுங்க, சண்ட வராது."

எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எந்த மீன் பிடிக்கும், எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்காது, எல்லாம் தெரியும். இது தெரியவில்லை. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"பா, உங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?"

"எதுக்கு?"

"ஹால் செவத்துக்கு. சாயக் கடையில நிக்கிறேன்."

"கடையில என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்குப்பா."

"எல்லாம் இருந்தா எப்படித் தம்பி சொல்றது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. எனக்கும் அதே கஷ்டம்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். "சரிப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

சின்ன டப்பாக்களில் மாதிரிச் சாயம் வாங்கிவந்து சுவரில் கட்டம் கட்டமாக அடித்தேன். செங்கல் நிறம், கரும்பச்சை, வெளிறிய நீலம், சந்தனம். வேலை முடிந்து வந்து, பொட்டலச் சோற்றைத் தரையில் விரித்து, அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். செங்கல் நிறம் காலையில் நன்றாக இருக்கும், மாலையில் அழுதுவிட்டு வந்த முகம் போல ஆகிவிடும். பச்சை பட்டறையை நினைவுபடுத்தியது. பக்கத்து வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கும், யாரோ யாரையோ குளிக்கப் போகச்சொல்லிக் கத்துவார்கள். இங்கே சாமான் இல்லாத கூடத்தில் நான் இருமினால்கூட எதிரொலித்தது. "இது எப்படி இருக்கு?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுப் பார்த்தேன். கேள்வி சுவரில் பட்டு என்னிடமே வந்தது.

கடைசியில் சிமெண்டு நிறத்தைத்தான் எடுத்தேன். கடைப் பெண் ஒரு பலகையில் அதைப் பூசி வைத்திருந்தாள். கொத்தனார் கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த பூச்சு. ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெளிறல். மழை வருவதற்கு முன் கடலுக்கு மேல் தெரியும் வானம் போல இருந்தது. அதில் மினுமினுப்பே இல்லை. கையால் தடவினால் பூனையின் நாக்கு போல லேசாகச் சொரசொரத்தது.

"இது மேட் பினிஷ்ணே. அழகா இருக்கும். ஆனா ஈரத்துணி போட்டுத் தொடைக்காதீங்க, பட்ட பட்டயா தெரியும்" என்றாள் அவள். "அப்பா தொடாம பாத்துக்குங்க."

பூச வந்தவர் சூலியா தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும் ஓர் அண்ணன். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"வீட்டுக்காரி எங்க தம்பி?"

"இன்னும் கல்யாணம் ஆவலண்ணே."

"அப்ப யாரு இந்தக் கலர வேணான்னு சொல்றது? ஒருத்தர் வேணும்னும் ஒருத்தர் வேணான்னும் நிக்கணும் லா. நான் நடுவுல பூந்து மூணாவதா ஒரு கலர் சொல்லுவேன். அப்பத்தான் எனக்கும் வேல செஞ்ச மாதிரி இருக்கும்."

"நீங்களே வேணான்னு சொல்லுங்க."

"வேணாம் தம்பி, ரொம்ப சோகமா இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சும்மா சொன்னேன். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. ஓட்டல்ல பூசியிருக்கேன், பல் டாக்டர் கடையில பூசியிருக்கேன்."

இரண்டு பூச்சு பூசிக் காயவைத்து, தேய்த்து, அவர் போனபிறகு நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில், மிஞ்சியதை வாங்கிக்கொள்ளாமல், கடையில் எல்லாவற்றையும் பார்த்து, நானாக எடுத்த முதல் நிறம். அப்பாவுக்குப் போன் செய்து, "வேல முடிஞ்சிருச்சுப்பா, ஞாயித்துக்கிழம வாங்க" என்றேன்.

அப்பா கடல் பாலத்தில் மோட்டார் ஓட்டமாட்டார், காற்று தள்ளுகிறது என்பார். அந்த ஞாயிறன்று பெர்ரிப் படகில்தான் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. மோட்டாரின் முன் கூடையில் ஒரு புது எவர்சில்வர் பானை, அதற்குள் பால் பொட்டலம். துணிமணி எதுவும் கொண்டுவரவில்லை. பால் காய்ச்சிவிட்டுப் பிறகு எடுத்துவரலாம் என்றிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தார். அவருக்காக அடித்த ஆணியை நான் காட்டுவதற்குள் அவர் கண் சுவரில் நின்றுவிட்டது.

பக்கத்தில் போனார். உள்ளங்கையால் தடவினார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் லேசாகக் கீறிப் பார்த்தார். சாயம் இரும்பைப் பிடித்திருக்கிறதா என்று பட்டறையில் பார்ப்பது அப்படித்தான். அவர் முகம் மலர்ந்தது.

"நல்லாப் புடிச்சிருக்கு. அண்டர்கோட் நல்லா அடிச்சிருக்கான். மேல எப்ப அடிப்பானாம்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பட்டறையில் எல்லாச் சாமானும் முதலில் இந்தச் சாம்பல் நிறத்தில்தான் நிற்கும். அது அடிப்பூச்சு. அதன்மேல் மஞ்சளோ பச்சையோ ஏறிப் பளபளத்தபிறகுதான் லாரியில் ஏற்றுவார்கள். சாம்பலாக நிற்கும் எதுவும் கேட்டைத் தாண்டாது. வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்தவர் என் சுவரைப் பார்த்து வேறு என்ன நினைப்பார்? "இல்லப்பா, இதுதான் முடிஞ்ச சாயம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், மினுங்காததும் துடைக்க முடியாததும் ஏன் அழகு என்று அடுத்து விளக்க வேண்டிவரும். எங்கள் மஞ்சள் சுவரையும் பச்சைச் சுவரையும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"அடுத்த வாரம் வர்றேன்னிருக்காரு" என்றேன்.

"அட, அப்ப முடிஞ்சிருச்சுன்னியே."

"ஏறக்குறைய முடிஞ்சிருச்சுப்பா."

"ஏறக்குறையவா?" அவர் தலையை ஆட்டினார். "வேல பாதியில நிக்கிற வீட்டுல பால் காய்ச்சக் கூடாது தம்பி. முடியட்டும், வர்றேன்."

பானையை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தார். பால் கெட்டுவிடும் என்று கையோடு எடுத்துக்கொண்டார். கீழே கடையில் இருவரும் ரொட்டி சாப்பிட்டோம். வெயில் ஏறுவதற்குள் பெர்ரிக்குப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். "மேல் சாயம் அடிச்சாச்சா?"

"இன்னும் இல்லப்பா. மழை."

"மழையில அடிக்கக் கூடாது. ஈரம் உள்ள நின்னுச்சுன்னா பொத்துக்கிட்டு வரும். நல்ல வேள, அடிக்காம விட்டான்."

அதற்கடுத்த வாரம் பூசுகிற அண்ணன் டுரியான் பழக் காலமென்று பாலிக் புலாவ் போய்விட்டதாகச் சொன்னேன். அவருக்கு அங்கே மாமனார் தோட்டம் இருப்பதாகவும் சேர்த்துக்கொண்டேன். "அது சரி, டுரியான் விழும்போது எவன் சாயம் அடிப்பான்" என்று அப்பா அதையும் ஒப்புக்கொண்டார்.

அதுவரை எங்கள் போன் பேச்சு என்பது சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழை, சரி வச்சிரவா என்பதோடு முடிந்துவிடும். இப்போது அப்பா பேசினார். அடிப்பூச்சை எந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், தூசியை எப்படித் துடைக்க வேண்டும், தவுக்கே ஒருமுறை கலர் மாற்றி அடித்துவிட்டு ஆள்மேல் பழிபோட்டது, நீலம் போதாமல் அம்மா கதவுக்குப் பின்னால் இருந்த சுவரை மட்டும் பச்சையாகவே விட்டுவிட்டுத் தீபாவளி முழுக்கக் கதவை மூடவிடாமல் வைத்திருந்தது. அந்தக் கதை எனக்குத் தெரியாது. நான் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஓரத்தில் அவர் நகத்தால் கீறிய கோடு மெல்லிசாக வெள்ளையாகத் தெரியும். பூசிய அண்ணன் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர் அதைப் பார்த்து, "ஒரு நிமிஷ வேல, மூடிரவா?" என்று கேட்டார். வேண்டாமென்றேன்.

விஷயம் தெரிந்ததும் அக்கா போனில் சிரிசிரியென்று சிரித்தாள்.

"ஒரு செவத்த வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் என்னடா பண்றீங்க? எனக்குப் போன் போட்டா புள்ளைங்க நல்லாருக்கான்னு கேட்டுட்டு வச்சிருவாரு. ஒங்கிட்ட மட்டும் அரைமணி நேரமாம். நானும் ஒரு செவத்த ஒடச்சிப் போடவா?"

"சொல்லிடணும்கா. எப்படின்னுதான் தெரியல."

"சொன்னா அவரு வந்துருவாருன்னு நெனைக்கிறியா?"

"முடிஞ்சா வர்றேன்னு சொல்லியிருக்காரு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப முடிச்சுட்டுப் பாரு" என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. சுவர் முடியாதவரை அப்பா வரப்போகிறவர். அவர் அறையில் விரித்த படுக்கைவிரிப்பை நான் வாரம் ஒருமுறை உதறிப் போடலாம். ஆணி சும்மா இருக்கலாம். முடிந்துவிட்டது என்று சொல்லியும் அவர் வரவில்லை என்றால் அப்புறம் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சில வாரங்கள் அப்படியே ஓட்டினேன். டுரியான் காலமும் முடிந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வழக்கம்போல் கேட்டார். "ஆளு வந்தானா?"

"பா, அது அண்டர்கோட் இல்ல."

"என்னது?"

"அந்தச் சாம்பல் நிறம். அதுதான்பா சாயம். அதுக்கு மேல ஒண்ணும் அடிக்கப் போறதில்ல. நீங்க வந்த அன்னைக்கே வேல முடிஞ்சிருச்சு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் அணைக்கும் சத்தம் கேட்டது.

"காசு வாங்கிக்கிட்டா அப்படி அடிச்சான்?"

"ஆமாப்பா."

"நீயா கேட்டு அடிக்கச் சொன்ன?"

"நான்தான் கேட்டேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "ஒங்கம்மா பாத்திருந்தா ஈரத்துணிய எடுத்துட்டு வந்திருப்பா" என்றார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம்.

"அப்ப வீடு முடிஞ்சிருச்சு" என்றார்.

"முடிஞ்சிருச்சுப்பா."

ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிகள் தெளிவாகத் தெரிந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க அந்தப் பூன குட்டி போட்டிருக்கு தம்பி" என்றார் அப்பா. "மாடிப்படிக்குக் கீழ. இங்க ஒருத்தனும் அதுக்கு ஒண்ணும் போட மாட்டான்."

"சரிப்பா."

"குட்டிங்க கொஞ்சம் பெருசாவட்டும்."

"சரிப்பா."

எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"பான எங்க இருக்கு?"

"நீங்க கவுத்து வச்ச எடத்துலதான்."

"பால்?"

"இல்லப்பா. இந்த வீட்டுல இன்னும் வாங்கல."

"போய் வாங்கிட்டு வா. முடிஞ்ச வீட்டப் பால் காய்ச்சாம போட்டு வைக்கக் கூடாது. போன வைக்காத, நான் இருக்கேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லிப்டில் இறங்கிக் கீழ்க்கடையில் பால் வாங்கினேன். பையிலிருந்து அவர் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. மேலே வந்து பானையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்து, கழுவி, திருநீறு பூசி அடுப்பில் வைத்தேன். என் சமையல் மேடைக்கும் கூடத்துக்கும் நடுவில் தடுப்பு இல்லை. ஒரு பக்கம் சிமெண்டு நிறச் சுவர், மறுபக்கம் ஜன்னல். போனை மேடையில் சாய்த்து வைத்தேன்.

"தீய கூட்டாத. மெதுவா வரட்டும்."

"சரிப்பா."

"ஆட வந்துருச்சா?"

"ஓரத்துல நுரைக்குது."

இருவரும் காத்திருந்தோம். பால் ஒருமுறை தாழ்ந்து, பிறகு சட்டென்று எழும்பி விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. வீடெங்கும் வாசனை வந்தது.

"பொங்கிருச்சுப்பா."

"எந்தப் பக்கம் வழியுது?"

பார்த்தேன். ஜன்னல் பக்கம். கிழக்கு. கடலும் புகைபோக்கியும் இருக்கும் பக்கம்.

"உங்க பக்கம்பா" என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "அடுப்ப அணைச்சிட்டுச் சூடா இருக்கும்போதே தொடைச்சிடு. காஞ்சா போவாது" என்றார்.